கால் அங்குலம்

"கைய நீட்டுய்யா!" என்றார் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி மக்பூல் அகமது. வார்ப்படம் செய்யும் ராஜவேலு நீட்டினான். பத்து நகங்களுக்குள்ளும் கறுப்பு அப்பியிருந்தது.

முற்றத்தில் மூடி கழற்றிக் கிடந்த, தோல் குழிகளுக்குத் தண்ணீர் இறைக்கும் என்ஜினின் பிளாக்கிலும் அதே கறுப்பு. மூடி உட்காரும் வழவழப்பான இடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு துளை. அதை இரும்புத்தூளும் நவச்சாரமும் குழைத்த பசையால் அடைத்து, சுற்றிலும் விரலால் இழுத்துப் பூசியிருந்தார்கள்.

அந்த அடைப்புதான் பத்து நாளைக்கு முன் பிய்த்துக்கொண்டது. கொதிநீர் பீறிட்டு என்ஜின் டிரைவர் அப்துல் ஹமீதின் இடது கையை வேகவைத்துவிட்டது. இனி அந்தக் கை உதவாது என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஓட்டைன்னு சொல்லியிருந்தா மறுபடி வார்த்திருப்போமே! அதுவரைக்கும் குழியில ஊறுற என் தோலுதான் அழுகியிருக்கும். இப்ப ஹமீது கை போச்சேய்யா!"

"ஓட்ட என் வார்ப்புல வந்ததுதான் முதலாளி. மணல்ல காத்து அடைச்சிக்கினா வரும். ஆனா இத நான் அடைக்கல. சத்தியமா அடைக்கல."

"பின்ன, தானா அடைச்சிக்கிச்சா?" என்று சிரித்தார் கடைசல் மேஸ்திரி தேவசகாயம். "சீமையிலேர்ந்து வரவழைங்கன்னு அப்பவே சொன்னேன் முதலாளி. ஆம்பூர்லயே வார்த்துக்கலாம்னீங்க. இவன் குடுத்தது கருங்கல்லாட்டம் சொரசொரன்னு இருந்துச்சி. கால் அங்குலம் சீவி, கண்ணாடியாட்டம் ஆக்கி, அன்னிக்கே மூடிய மாட்டினவன் நான். இவன் இன்னா திருட்டுத்தனம் பண்ணான்னு எனக்கு இன்னா தெரியும்?"

"போலீஸுக்கு ஆள் அனுப்புங்க" என்றார் முதலாளி.

ஹமீதின் தங்கை நிக்காஹ்வில் பந்தி விசாரித்தவன் ராஜவேலு. ஜெயிலைவிட, மூலையில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஹமீதின் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஹமீது மெல்ல எழுந்து வந்தான். அடி விழப்போகிறது என்று ராஜவேலு கண்ணை மூடிக்கொண்டான். விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தான்.

ஹமீது அவனைத் தாண்டிப் போய்ப் பிளாக்கின் பக்கத்தில் குனிந்தான். துளையைச் சுற்றியிருந்த பூச்சை ஆணி ஒன்றால் சுரண்டினான். அது செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் கடைசல் பிடித்த இரும்பு பளபளத்தது.

ஹமீது நிமிர்ந்து தேவசகாயத்தைப் பார்த்தான்.

"கால் அங்குலம் சீவினீங்களே மேஸ்திரி, சீவின எடத்து மேல இவன் பூச்சு எப்படி நிக்குது?"