புரட்டாசித் தயிர்சாதம்

புரட்டாசி சனிக்கிழமை. தனியாகக் குடியிருக்கும் ரேணுகா, மிளகும் எலுமிச்சையும் தடவி ஒரே ஒரு மீனை ஓவனில் வைத்துவிட்டு, ஒயின் பாட்டிலைத் திறந்தாள். அம்மாவிடமிருந்து வீடியோ கால் வந்தது. பாட்டில் அவசரமாக அரிசி டப்பாவுக்குப் பின்னால் போனது.

"என்னடி சமைச்ச?"

"தயிர்சாதம்தாம்மா."

"ஆசையா வாங்கிட்டு வந்து, இப்படி ஒளிச்சு வைக்கிறாளே," என்று பாட்டில் முணுமுணுத்தது.

"உன்னையாவது ஒளிச்சு வெச்சா," என்றது ஓவனுக்குள் இருந்த மீன். "எனக்குப் பேரையே மாத்திட்டா."

"உங்க பாடு பரவாயில்ல. நேரம் ஆச்சுன்னா நான் மணி அடிச்சாகணும்," என்று ஓவன் கவலைப்பட்டது.

சொல்லி முடிப்பதற்குள் அடித்தும்விட்டது.

அம்மா சொன்னாள்:

"போய்த் தயிர்சாதத்தை வெளியே எடுடி. கருகிடப் போகுது."