தலைவருக்கு வந்த பல்லுக்கொதி

சங்கத்தை ஏமாற்றுவதென்று முடிவெடுத்த பிறகு சிவபாதத்துக்கு ஒரே ஒரு ஆள்தான் இடைஞ்சலாக இருந்தார். சங்கத் தலைவர். அந்தத் தலைவரோ, வேறு யார், சிவபாதமேதான்.

மல்வேர்னில் ஒரே கட்டடத்தில் குடியிருந்த பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்திய சங்கம் அது. கனடாவில் நெஞ்சை வெட்டித் தைப்பதென்றால் அரசாங்கம் செலவைப் பார்க்கும். பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் மட்டும் நாமே அழவேண்டும். இன்சூரன்ஸ் கட்ட வழியில்லாதவர்கள் மாதாமாதம் வீட்டுக்கு நூறு டொலர் போட்டு, நோய் வருத்தம் வந்தவரிடம் மொத்தத்தையும் தூக்கிக் கொடுப்பார்கள்.

இந்த அருமையான யோசனை சிவபாதத்துடையது. மருத்துவத்தைத் தவிர வேறெதற்கும் ஒரு சதமும் கிடையாது என்ற விதியும் அவருடையது. பொய் சொல்லிக் காசெடுத்தவரின் பெயரைக் கோயிலில் வைத்து வாசிக்கவேண்டும், பொருளாளர் நோயாளியின் வாய்க்குள் ரோர்ச் லைற் அடித்துப் பார்த்த பிறகே காசு கொடுக்கவேண்டும் என்பவையும் அவர் எழுதியவைதான். முதல் கூட்டத்தில் தன் குரலில் தானே மயங்கி, இவற்றை இரண்டு தரம் வாசித்தார்.

சங்கம் நன்றாகத்தான் நடந்தது. பஸ்ரியனுக்குப் பல் முரசில் வெட்டு நடந்த வாரமே அவன் ஒரு பழைய கொரோலா வாங்கினான். வருத்தம் மாறிய சந்தோசம் என்று சிவபாதம் நினைத்தார். அருள்மலருக்குப் பல்லுக் கட்டிய மாதத்தில் அவளுடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. பாவம், அந்த வேதனையோடும் வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டு நின்றாள். முந்திரிகைப்பழமும் ஹோர்லிக்ஸ் போத்தலுமாக சிவபாதம் ஒரு வீடு விடாமல் வருத்தம் பார்த்துவிட்டு வந்தார். ஒரே மாதத்தில் இரண்டு பேருக்கு வருத்தம் வந்ததேயில்லை. நல்லூர்க் கந்தனும் மடுமாதாவும் கலந்து பேசித்தான் தருகிறார்கள் என்று மனம் நெகிழ்ந்தார்.

அப்படிப்பட்ட மனுசனுக்குத்தான் இப்போது கள்ளப் புத்தி.

கொழும்பு லொட்ஜில் நாலு வருசமாகக் காத்திருந்த மனைவி யோகராணிக்கு விசா கிடைத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் விமானம் ஏறாவிட்டால் விசாவுக்குச் செய்த மெடிக்கல் சோதனை காலாவதியாகி, எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து. ரிக்கெட்டுக்குக் காசில்லை. கடன் கேட்கக்கூடிய முகங்களையெல்லாம் தான் கனடா வந்தபோதே கேட்டு முடித்திருந்தார். சங்கத்தில் கேட்கலாமென்றால் விதி குறுக்கே நின்றது. நாசமாய்ப்போன விதி.

ஆகவே அவருக்குப் பல்லுக் கொதித்தது; தாங்கமுடியாத பல்வலி என்று சங்கத்துக்கும் அறிவித்தார். முதலில் கன்னத்துக்குள் பஞ்சு வைத்துப் பார்த்தார். ரோர்ச் லைற் ஞாபகம் வந்ததும் அதைத் துப்பினார். பல் வைத்தியரிடம் ஓடினார். பல்லில் ஒரு குறையுமில்லை என்று அவர் படமெடுத்துக் காட்டியும் கேட்காமல், பிடுங்கத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, கல்லுப்போல இருந்த கடைவாய்க் கொடுப்புப் பல்லொன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பொருளாளர் சச்சிதானந்தன் காசு உறையோடு வந்து, அதை மேசையில் வைத்துவிட்டு எழும்பப் பார்த்தான்.

"இரும் சச்சி. ரோர்ச் லைற் கொண்டுவரேல்லையோ?"

"அதேன் அண்ணை? உங்களை நம்பாமலோ?"

"தலைவரெண்டால் விதி இல்லையோ?" வீங்கிய வாயால் சொல்லிவிட்டு, சிவபாதம் தன்னுடைய ரோர்ச் லைற்றையே எடுத்து அவன் கையில் திணித்து வாயைத் திறந்தார்.

சச்சிதானந்தன் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"என்னண்ணை, உண்மையாவே பிடுங்கிப்போட்டியளே?"

பிடிபட்டேன் என்று நினைத்தார் சிவபாதம். கோயிலில் தன் பெயர் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுவது காதில் கேட்டது.

சச்சிதானந்தன் எழும்பிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தான்.

"கோவிக்காதையுங்கோ அண்ணை. தொடங்கின மாசமே நாங்கள் இதைச் சீட்டாக்கிப் போட்டம். ஆருக்கு எந்த மாசம் பல்லுக் கொதிக்கோணும் எண்டு பேரெழுதிக் குலுக்கி எடுத்தனாங்கள். உங்களுக்குச் சொன்னால் கோயிலிலை பேர் வாசிச்சுப்போடுவியள் எண்டு பயம்."

சிவபாதத்தின் வாய் திறந்தபடியே இருந்தது.

"என்ர பேரையும் போட்டனீங்களோ?"

"போடாமல்? இந்த மாசம் உங்கட முறைதான். ஒரு வருத்தமும் இல்லாத மனுசனுக்கு எப்பிடி இதைக் குடுக்கிறதெண்டு மண்டையை உடைச்சுக்கொண்டு இருந்தனாங்கள். நல்லகாலம், நீங்களே கொதிக்குதெண்டு சொன்னியள்."

யோகராணி மாதக் கடைசிக்குள் வந்து இறங்கினாள். சங்கமும் தொடர்ந்து நடந்தது. ஆனால் அதன் வரலாற்றில் உண்மையாகவே ஒரு பல்லை இழந்த ஒரே உறுப்பினர் என்ற பெருமை இன்றுவரை தலைவருக்குத்தான்.