ஊசிமுனையைப் பிரித்தெடுக்கும் முறை

"இன்னொரு தடவை சலிங்க," என்றான் ஜெயபாண்டி. கேன்டீனிலிருந்து வாங்கி வந்த மாவுச் சல்லடையில் பனியன் தூசுதான் விழுந்துகொண்டே இருந்தது. விழ வேண்டியது விழவில்லை.

காணாமல் போனது ஓர் ஊசியின் முனை. நெல்மணி நீளம்கூட இருக்காது. பதினொன்றரை மணிக்கு மயிலாளின் தையல் மெஷினில் ஊசி மூன்றாக உடைந்தது. இரண்டு துண்டுகளை அவளே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

தைப்பதோ கைக்குழந்தைகள் போடும் பனியன். உடைந்த ஊசியின் கடைசித் துண்டு வரைக்கும் நோட்டில் ஒட்டிக் காட்டாவிட்டால், அன்றைக்குத் தைத்த மூவாயிரம் பீஸும் கப்பல் ஏறாது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் சட்டம் அது. மூன்று மணிக்கு அவருடைய ஆளே நேரில் வருகிறார்.

"அதுக்குள்ள முனை கிடைக்கலீன்னா, நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க," என்று முதலாளி செல்போனில் மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

ஜெயபாண்டி அருப்புக்கோட்டைக்காரன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. படித்த படிப்புக்கு ஊரில் வேலை கிடைக்காமல் திருப்பூர் வந்து லைன் சூப்பர்வைசர் ஆனவன். கலவைகளைப் பிரிக்கும் பாடம் ஏழாம் வகுப்பிலேயே அவனுக்குத் தலைகீழ் மனப்பாடம். படித்தது இன்றைக்காவது உதவட்டும் என்று வரிசையாக ஆரம்பித்தான்.

முதலில் கையால் பொறுக்குதல். வெட்டுத்துணி மூட்டையைத் தரையில் கொட்டி முப்பது பேரைச் சுற்றி உட்கார வைத்தான். அடுத்தது தூற்றுதல். ஃபேன் காற்றில் துணியை உதறச் சொன்னதில் அத்தனை பேர் தலையும் நரைத்ததுதான் மிச்சம். அதற்கப்புறம்தான் இந்தச் சல்லடை.

"இந்நேரத்துக்கு ஒரு மூட்டை அரிசியில கல்லு பொறுக்கியிருக்கலாமுங்க," என்று முனகினாள் செக்கிங் பழனாத்தாள். சாப்பாட்டு நேரமும் போய்விட்ட கடுப்பு அவளுக்கு.

"பேசாம பொறுக்குத்தா!" என்று எரிந்து விழுந்தான்.

உண்மையில் அவன் எரிச்சலெல்லாம் மயிலாள் மேல்தான். மற்றவர்கள் இரண்டு கையையும் விட்டுத் துழாவ, ஊசியை உடைத்த மகராசி இடது கையை முந்தானையில் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். கல்யாண வீட்டில் வெற்றிலை எடுப்பவளைப் போல, வலது கையால் மட்டும் ஒவ்வொரு துண்டாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், பாத்ரூம் போயிட்டு வந்தர்றனுங்க." கேட்பது இது மூன்றாவது தடவை.

"முனை கிடைக்கட்டும். அதுவரைக்கும் ஒரு ஆளு இந்த வாசலைத் தாண்டக் கூடாது."

மயிலாள் மறுபடியும் வலது கையால் துணியைப் புரட்ட ஆரம்பித்தாள்.

மணி இரண்டு. தைத்த பீஸெல்லாம் மெட்டல் டிடெக்டருக்குள் போய் வந்துவிட்டன, ஒன்றுக்குக்கூட அது கத்தவில்லை. பீஸில் இல்லையென்றால் குப்பையில் இருந்தாக வேண்டும். குப்பையிலும் இல்லையென்றால்? கலவையில் இருப்பதைப் பிரிக்கத்தான் பாடத்தில் வழி சொல்லியிருக்கிறார்கள். இல்லாததை எந்த வாத்தியாரால் பிரிக்க முடியும்?

மிச்சமிருந்தது காந்தம் ஒன்றுதான். எலக்ட்ரீஷியன் ஆறுச்சாமி, பழைய டேப்ரெக்கார்டர் ஸ்பீக்கரை உடைத்து உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

இரும்புத்தூளையும் கந்தகத்தையும் பிரித்த அதே முறை. ஜெயபாண்டி முழங்காலிட்டுக் குப்பை முழுக்கத் தடவினான். குண்டூசி வந்தது. ஸ்டேப்ளர் பின் வந்தது. துருப்பிடித்த திருகாணி வந்தது. யார் தலையிலிருந்தோ விழுந்த கொண்டை ஊசிகூட வந்து ஒட்டியது. முனை மட்டும் வரவில்லை. மூன்று வருஷம் படித்த படிப்பு ஒரு ஊசிமுனைக்கு உதவவில்லையே என்று அவனுக்கு அழுகையே முட்டிக்கொண்டு வந்தது.

நிமிர்ந்து பார்த்தான். மயிலாள் அப்போதும் ஒற்றைக் கையோடுதான் இருந்தாள்.

சட்டென்று பொறி தட்டியது. நேற்று நாலு பேர் முன்னால் "உனக்கெல்லாம் யாரும்மா தையல் கத்துக்கொடுத்தது?" என்று இவளைக் கேட்டுவிட்டான். அந்தக் கடுப்பில் முனையை ஒளித்து வைத்துக்கொண்டு, முதலாளியிடம் அவனை மாட்டிவிடப் பார்க்கிறாள். பாத்ரூம் பாத்ரூம் என்று துடிப்பது அதை வீசியெறியத்தான்!

"மயிலா, எந்திரி. அந்த முந்தானையைக் காட்டு."

"ஒண்ணுமில்லீங் சார்." முகம் வெளுத்துப்போய் ஓரடி பின்வாங்கினாள். சுருட்டியிருந்த கையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லைன்னா எதுக்குப் பதறுற? கையை இங்கிட்டு நீட்டு."

லைன் முழுக்க எழுந்து வந்து சுற்றி நின்றது. வேறு வழியில்லாமல் அவள் கையை நீட்டினாள். ஜெயபாண்டி காந்தத்தை முந்தானைச் சுருளின் மேல் வைத்து மெதுவாக நகர்த்தினான். உள்ளே ஏதோ வெடுக்கென்று இழுபட்டது. காலையிலிருந்து முதன்முறையாக அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

"எல்லாரும் நல்லா பாத்துக்கங்க! முனை இவகிட்டதான் இருக்கு!" என்று கத்திக்கொண்டே காந்தத்தை இன்னும் அழுத்தினான்.

மயிலாள் பல்லைக் கடித்துக்கொண்டு முந்தானையைத் தானே பிரித்தாள்.

"வெரலுக்குள்ள ஏறிருச்சுங் சார்... என்ற சீட்டுல மட்டும் வேற ஆளை உக்கார வெச்சுறாதீங்க!"