எதிர்வாசல் பால்கோவா

கிறிஸ்துமஸ் பஜனைப் பிள்ளைகள் கஞ்சிராவைத் தட்டிப் பாடிக்கொண்டே ராஜபாளையத்துத் தெருவுக்குள் வருகிறார்கள். ஓட்டுக்கூரைகளில் அந்தி வெயில் இன்னும் மிச்சமிருக்கிறது. ஏசம்மாள் பொரி உருண்டைத் தட்டோடு வாசலில் நிற்கிறாள். யுத்த காலம், சீனி கிடைப்பது குதிரைக்கொம்பு. செலவைச் சுருக்கலாமென்று வீட்டிலிருந்த கருப்பட்டியைப் பாகு காய்ச்சி, பொரியைச் சேர்த்து உருட்டியிருக்கிறாள். எதிர்வீட்டு வாசலில் அவளுடைய மூத்த ஓர்ப்படியாள் ஞானரத்தினம், புதுச்சேலை மொடமொடக்க, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரவழைத்த பால்கோவாவை இலைத்துண்டுகளில் வைத்து நீட்டுகிறாள். பாட்டு பாதியில் நிற்கிறது. பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேயே மொய்க்கிறார்கள். சுண்டக் காய்ந்த பாலின் வாசம் தெருவைக் கடந்து வந்து ஏசம்மாளின் வயிற்றில் தீயாகப் பற்றுகிறது. "ஏட்டி ஏசம்மா, ஒனக்கும் கொஞ்சம் தரட்டுமா?" என்று தெருவே கேட்க ஞானரத்தினம் கூப்பிடுகிறாள். "வேண்டாங்க்கா, எங்களுக்குத் திகட்டும்." உதடு சிரிக்கிறது, விரல்கள் ஓர் உருண்டையை நொறுக்குகின்றன. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஏசம்மாளின் மகள் அன்னாள் ஓடி வருகிறாள். கையிலுள்ள இலையில் பாதிப் பால்கோவா இருக்கிறது. "ஒனக்குன்னு வச்சிருந்தேம்மா" என்று தாயின் வாயில் திணிக்கிறாள். துப்பிவிடத்தான் நினைக்கிறாள் ஏசம்மாள். நாக்கு விடவில்லை. அது இளகி, மணத்து, தொண்டைக்குள் இறங்கியே விடுகிறது. ஞானரத்தினம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "எப்படிம்மா இருக்கு?" என்கிறாள் மகள். "லேசா தீஞ்ச வாடை அடிக்கி" என்று எதிர்வாசலுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஏசம்மாள் இலையை வாங்கி வழித்து நக்குகிறாள்.