மைலுக்கு எவ்வளவு புகை

கிட்ட வந்து உட்காருங்க. இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு மனசு வரலை.

ஒரு துறைமுகத்துக்கு வெளியே அக்கா தங்கச்சியாக இரண்டு எண்ணெய்க் கப்பல்கள். மூத்தது வடிவு, இளையது பாவை. அந்த வருசம் புதுசாக ஒரு சட்டம் வந்தது. ஓடின மைலுக்கு எவ்வளவு புகை விட்டது என்று பார்த்து மார்க் போடுவார்களாம். மார்க் குறைந்த கப்பலை உடைத்து இரும்பாக்கிவிடுவார்களாம்.

வடிவு வயிறு நிறைய எண்ணெயோடு, இறக்க முறை வருமென்று நாற்பது நாளாக நங்கூரம் போட்டு நின்றது. நின்றாலும் விளக்குக்கும் பம்புக்கும் இன்ஜின் ஓடணுமே! புகை ஏறியது, மைல் ஏறவில்லை.

பாவை கெட்டிக்காரி. தன் சரக்கை இறக்கியதும் காலியாகவே கடலைச் சுற்ற ஆரம்பித்தது.

"யாருக்குடி எண்ணெய் கொண்டுபோறே?" என்றது வடிவு.

"யாருக்கும் இல்லக்கா. காலி வயிறு, மெதுவான ஓட்டம். புகை கொஞ்சம், மைல் நிறைய. நீயும் வாயேன்."

"ஊர்ல அடுப்பு எரியணுமேடி. இதை இறக்கிட்டு வர்றேன்."

வருசக் கடைசியில் பாவைக்கு முதல் மார்க், வடிவுக்குக் கடைசி மார்க்.

வடிவை உடைக்கிற கரையில் ஏற்றின அன்று பாவை ஓடிவந்தது.

"நான் சும்மா சுத்தினதை ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லலை?"

"என்னத்தைக் கொண்டுபோனீங்கன்னு யாரும் கேக்கலையேடி."

பாவை நீளமாக ஒரு தடவை ஊதியது. அக்கா பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கத்தான் நினைத்தது. நின்றால் மார்க் குறையும். காலி வயிற்றோடு அடுத்த சுற்றுக்குத் திரும்பியது.