வாசலைப் பார்த்த பாதம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு வாடகை வீட்டுக் கதை சொல்கிறேன். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்பு, ரயில்வேக்காரர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் கூரை ஒழுகும் வீடொன்றில் ரயில்வே நாகையா குடியேறினார். மனைவி செல்லாயி நிறைமாதக்காரி.

உள்ளறையின் பூப்போட்ட கல் தரை முழுக்கச் சிவப்புச் சாயம் பூசியிருந்தது. நல்ல கல்லை ஏன் மறைத்தார்கள் என்று அவளுக்குச் சந்தேகம். தொட்டில் கட்டவிருந்த மூலையில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டினாள்.

அடியில் அரிசிமாவுப் பாதங்கள் தெரிந்தன, கோகுலாஷ்டமிக்குப் போடுவதுபோல. வாசலிலிருந்து உள்ளே வருவதாகத்தானே போடுவோம்? இவை மூலையிலிருந்து வெளியே போயின. தொட்டாள். ஈரமாவு விரலில் ஒட்டியது.

பக்கத்து வீட்டு உர்சுலா எட்டிப் பார்த்தாள்.

"நீங்களும் சுரண்டிட்டீங்களாக்கா? முன்ன இருந்தவங்களும் சுரண்டினாங்க. அப்புறம் அவங்களே சாயம் வாங்கிப் பூசிட்டாங்க."

"அவங்களுக்குப் பிள்ளை உண்டா?"

"வரும்போது ஒண்ணு இருந்துச்சு."

சாயங்காலம் அவள் அந்த மூலையில் மறுபடி சாயம் பூசுவதைப் பார்த்து நாகையா சிரித்தார். "சுரண்டுறதும் நீ, பூசுறதும் நீயா?"

"தொட்டிலை அடுப்படியில கட்டுங்க."

கயிற்றோடு போனவர் நின்றுவிட்டார். அடுப்படி உத்தரத்துக்கு நேர்கீழே, ஈரமாவில் ஒரு சின்னப் பாதம், வாசலைப் பார்த்து.

உங்கள் வீட்டில் சின்னப் பாதங்கள் என்றும் உள்நோக்கியே நடக்கட்டும், கண்ணுகளா.