மெனரானா கடக்கும்வரை

பயணிகள் நிறைந்த வேன் சட்டென்று நின்றது. உச்சி வெயில். மஜுங்கா துறைமுகத்துக்கு இன்னும் பாதி வழி இருந்தது.

"என்னப்பா ஆச்சு?" என்றார் ரிவோ. தலைநகரில் பெரிய அதிகாரி. பக்கத்தில் ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி ஹாந்தா.

"மெனரானா, ஐயா" என்றான் டிரைவர் ஜாவோ.

நடு ரோட்டில், கை மொத்தத்துக்கு, மஞ்சளும் கறுப்புமாக ஒரு பாம்பு. பகலில் இரை தேடும் ஜாதி. தூக்கின மூக்கோடு சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஹாரனை அடி, போயிடும்."

"அது முன்னோருங்க பாம்பு, ஐயா. விரட்டினா ஆகாது."

ஜாவோ எல்லோரையும் இறக்கினான்.

"ஆம்பளைங்க இந்தப் பக்கம், ரோட்டுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. பொம்பளைங்க அந்தப் புதருக்குப் பின்னால போயிடுங்க. நான் கூப்பிடற வரைக்கும் யாரும் திரும்பக் கூடாது. திரும்பினா வண்டி ஊர் போய்ச் சேராது."

ஆண்கள் வரிசையாகத் திரும்பி நின்றார்கள். கக்கத்தில் சேவல் வைத்திருந்தவர், சேவலின் தலையையும் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

"இது கடிச்சா ஒரு எலிகூட ஒழுங்கா சாகாது. இதுக்குப் பயந்து நடுக்காட்டுல நிக்கிறோம். இந்த நாடு எப்படி உருப்படும்?" என்றார் ரிவோ.

"நாடு மெதுவா உருப்படட்டும். நீங்க தலையைத் திருப்பாதீங்க" என்றார் சேவல்காரர்.

வியர்வையில் ரிவோவின் சட்டை முதுகோடு ஒட்டியது.

"இன்னுமா போகலை?"

"போயிட்டே இருக்கு, ஐயா. நீளமான பாம்பு."

"மஜுங்காவில இறங்கினதும் முதல் வேலை, உன் முதலாளியைப் பார்க்கிறதுதான். நாளையிலேர்ந்து நீ வண்டி ஓட்ட மாட்டே."

"பாருங்க, ஐயா. ஆனா இப்பத் திரும்பாதீங்க."

ஒருவழியாக ஜாவோ குரல் கொடுத்தான். எல்லோரும் ஏறினார்கள். வேன் கிளம்பியது. மூடநம்பிக்கையைப் பற்றி ரிவோ மனைவிக்கு விளக்க ஆரம்பித்தார். அவள் நிம்மதியாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

முன் சீட்டில் இருந்த மீன்காரி சுவா குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் இந்தப் பக்கத்துக்காரிதான், ஜாவோ. மெனரானாவை அடிக்கக் கூடாதுன்னு தெரியும். முதுகைக் காட்டி நிக்கணும்னு எந்த முன்னோர் சொன்னாரு?"

"எந்த முன்னோரும் சொல்லலை, அக்கா. நான்தான் சொன்னேன்."

"எதுக்குடா?"

ஜாவோ கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

"வழியெல்லாம் அந்தப் பொண்ணு, வண்டியை நிறுத்தச் சொல்லுங்கன்னு புருஷன் காதுல கெஞ்சிட்டே வந்துது. 'எல்லார் முன்னாலயும் எப்படிக் கேட்கிறது, ஊர் வர்ற வரைக்கும் அடக்கிக்கோ'ன்னுட்டார் அவர். பாம்பு நாம இறங்கறதுக்குள்ளயே போயிடுச்சு, அக்கா. போக முடியாம தவிச்சது அந்தப் பொண்ணுதான்."